ஷட்டர் கவுண்டுக்கு முதல் சீரியல் நம்பர்

பழைய கமரா வாங்கப் போகும் எங்கள் பக்கத்துப் பொடியன்கள் முதலில் கேட்பது ஷட்டர் கவுண்ட், அதாவது கமரா இதுவரை எத்தனை படம் அடித்தது என்ற கணக்கு. முப்பதாயிரம் என்றால் முகம் மலரும், ஒரு லட்சம் என்றால் வாடிவிடும். கவுண்ட் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நிக்கோன் டி750 மாதிரி ஒரு கமரா என்றால் அதற்கு முதல் சீரியல் நம்பரைப் பாருங்கள்.

டி750 வெளிவந்தது 2014 செப்டம்பரில். அந்த வருடம் முடிவதற்குள்ளேயே, பலமான வெளிச்சம் பிரேமின் மேல் பக்கம் இருந்தால் படத்தில் ஒளி ஒரு மாதிரி வெட்டுப்பட்டு விழுகிறது என்று பேச்சு எழுந்தது. நிறுவனம் அறிவிப்பு விட்டு, இலவசமாகத் திருத்திக் கொடுத்தது. 2015 ஜூலையில் இன்னொரு அறிவிப்பு. இது ஷட்டர் பற்றியது. 2014 ஒக்டோபர், நவம்பரில் செய்த சில கமராக்களில் ஷட்டர் சரியாக இயங்காமல் படத்தின் ஒரு பகுதி இருண்டுபோகலாம், அதையும் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றார்கள். 2016இல் அந்தப் பிரச்சினை உள்ள கமராக்களின் சீரியல் நம்பர் பட்டியல் நீண்டது, 2017இல் திரும்பவும் நீண்டது. ஆக, 2015இல் "என்ர நம்பர் இல்லை" என்று நிம்மதியாக இருந்தவரின் கமரா பிறகு பட்டியலுக்குள் வந்திருக்கலாம். அவர் அது தெரியாமலே விற்றும் இருக்கலாம்.

எங்கள் சிக்கல் அங்கேதான். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் கல்யாண வீடுகளில் ஓடும் கமராக்களில் கடையில் பெட்டி உடைத்து வாங்கியவை குறைவு. ஒன்று கட்டாரில் இருந்து ஆரோ கொண்டு வந்தது, இல்லாவிட்டால் கொழும்பு ஸ்டூடியோ ஒன்று கழித்து விட்டது. முதல் ஆளுக்குப் போன அறிவிப்பு மூன்றாம் ஆளுக்கு எப்படி வரும்?

என்னிடம் வேலை பழகிய தம்பி ஒருவன் இப்போது தனியாக வேலை எடுக்கிறான். "கல்முனையில ஒரு டி750 இருக்கு, வந்து ஒருக்காப் பாருங்க அண்ணன்" என்றான். ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி தாண்டி மோட்டார் சைக்கிளில் போனோம். கமராவின் பொடி (லென்ஸ் இல்லாத உடல் பகுதி) நல்ல சுத்தம், ரப்பர்கூட ஊதவில்லை. நான் போன் டோர்ச்சை அடித்து ட்ரைபொட் பூட்டும் துளைக்குள் பார்த்தேன். உள்ளே ஒரு கறுப்புப் புள்ளி. விற்பவருக்கு நான் என்ன தேடுகிறேன் என்றே விளங்கவில்லை. அந்தப் புள்ளி, ஒளிப் பிரச்சினைக்குத் திருத்தியாயிற்று என்பதன் அடையாளம். 2014இல் நிக்கோனின் இன்னொரு மொடலான டி810க்கும் இதே மாதிரிப் புள்ளிதான் வைத்தார்கள். ஆனால் ஷட்டர் அறிவிப்பு வந்தது அந்தத் திருத்தத்துக்குப் பிறகு. அதனால் புள்ளியைக் கண்டவுடன் காசை எண்ணக் கூடாது.

நம்பரை நிறுவனத்தின் பக்கத்தில் போட்டுப் பார்த்தோம். பட்டியலில் இருந்தது. "ஒரு பிழையும் இல்லாத கமரா அண்ணன், நேற்றும் ஒரு கல்யாணம் எடுத்தது" என்றார் அவர். அது உண்மையாகத்தான் இருக்கும். வெள்ளைச் சுவரைப் பார்த்து ஒரு செக்கனின் நாலாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் தொடர்ச்சியாக அடித்தேன். அந்தக் கமராவின் உச்ச வேகம் அது. ஒரு படத்திலும் இருட்டுப் பட்டை விழவில்லை. ஆனால் நாங்கள் செய்வது கல்யாண வேலை. ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கிற நேரத்தில் படம் பாதி கறுத்தால், மாப்பிள்ளையைத் திரும்பக் கட்டச் சொல்ல முடியாது.

ஷட்டர் மாற்றிய பில் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் கட்டாரில் இருக்கும் பழைய சொந்தக்காரருக்கு அடித்தார். கொஞ்ச நேரத்தில் வட்ஸ்அப்பில் பில்லின் படம் வந்தது. தம்பிக்கு ஒரே சந்தோஷம். நான் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டி750 சரி, ஷட்டர் மாற்றியதும் சரி, சீரியல் நம்பரின் கடைசி இலக்கங்கள் வேறு. அந்த மனிதரிடம் இரண்டு பொடி இருந்திருக்கிறது போல. ஏமாற்ற நினைத்தார் என்று நான் நினைக்கவில்லை. கைக்கு அகப்பட்ட பில்லை அனுப்பியிருப்பார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பொடியில் உள்ள நம்பரும் படக் கோப்புக்குள் பதிந்திருக்கும் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். நிக்கோன் படங்களில் எக்ஸிஃப் தகவலைத் திறந்தால் சீரியல் நம்பரும் ஷட்டர் கவுண்டும் இரண்டும் தெரியும். நிக்கோன் டி600 மலிவாக வருகிறதென்றால் லென்ஸின் துவாரத்தைச் சின்னதாக்கி, எஃப்16இல் வானத்தை எடுத்துப் புள்ளி புள்ளியாக அழுக்கு விழுகிறதா என்று பாருங்கள். உத்தரவாதக் காலம் முடிந்தவற்றுக்கும் அந்த அழுக்குப் பிரச்சினையை இலவசமாகத் திருத்தித் தருவதாக 2014 பெப்ரவரியில் அறிவித்த மொடல் அது. இப்படி வெளியே சொல்லித் திருத்துகிற நிறுவனத்தில் எனக்கு மரியாதை உண்டு. ஒளித்து வைத்திருந்தால் நாங்கள் எதைத் தேடுவது?

தம்பி அந்தக் கமராவை வாங்கவில்லை. விலையைக் குறைத்தும் கேட்டுப் பார்த்தோம், அவர் இறங்கவில்லை, சரி என்று வந்துவிட்டோம். இப்போது அக்கரைப்பற்றில் இன்னொன்று இருக்கிறதாம். நம்பரைக் கேட்டால் "நேரில வாங்க, பார்க்கலாம்" என்கிறார்களாம். முதலில் நம்பர் வரட்டும், பிறகு பெற்றோல் அடிப்போம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.