காத்தான் கூத்தும் ஒரு போன் கமராவும்: தவணைக் குறிப்புகள்

யூன் 3

இன்று அதிபரிடம் சொல்லிவிட்டேன். இந்த வருடத் தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாங்கள் காத்தவராயன் கூத்து ஆடுகிறோம். "விடிய விடிய ஆடுற கூத்தை எப்பிடி ரீச்சர் சுருக்கப் போறியள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் வடமராட்சிப் பக்கம் அம்மன் கோயில் வாசலில் நேர்த்திக்கு ஆடினால் இரவு தொடங்கி, காத்தான் கழுவேறி முடிய விடிந்துவிடும். அவ்வளவு நேரம் ஒரே தொண்டை தாங்காது என்பதால் காத்தானுக்கே சின்னக் காத்தான், நடுக் காத்தான் என்று ஆள் மாறி மாறி வருவார்கள்.

சுருக்குவது புதிய வேலையும் இல்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்துகளைச் சுருக்கி மேடைக்குக் கொண்டு வந்தார், கர்ணன் போர் 1962இல் ஏறியது. அவர் செய்தது மணித்தியாலக் கணக்குக்கு. எங்களுக்குக் கிடைப்பது நிமிடக் கணக்கு. தாயும் மகனும் தர்க்கப்படுவது, அவன் விரும்பும் ஆரியமாலையைக் காண்பது, கழு. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு மற்றதெல்லாவற்றையும் விட்டுவிட்டேன். விட்டதில் காத்தானின் தோழன் சின்னானின் பகிடிகளும் போய்விட்டன, அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பதினொரு பிள்ளைகள். காத்தானுக்கு பத்தாம் வகுப்பில் இருந்து ஒரு பெண்பிள்ளை. முன்பு ஆண்களே ஆரியமாலைக்கும் சேலை கட்டினார்கள், இப்போது பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளை காத்தானாக வருகிறாள், அந்தக் குரலுக்கு வேறு யாரையும் நான் யோசிக்கவில்லை.

யூன் 9

கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வந்தார். எழுபத்துநான்கு வயது. ஆர்மோனியம் ஓட்டோவில் வர, அவர் பின்னால் சைக்கிளில் வந்தார்.

பிள்ளைகள் கொப்பியும் பேனையுமாக வட்டமாக இருந்தார்கள், பாட்டை எழுதிக்கொள்ளலாம் என்று. அவர் ஒரு வரியும் பாடவில்லை. "எழும்புங்கோ, நடவுங்கோ" என்றார். முழு ஒன்றரை மணித்தியாலமும் நடைதான். சிந்து நடை. முன்னுக்குப் போய், பின்னுக்கு வந்து, திரும்பவும் முன்னுக்கு. பார்க்கும்போது ஒன்றுமில்லாத விஷயம் போல இருக்கும். வேறு கூத்து வகைகளான வடமோடி, தென்மோடி ஆட்டங்களில் இருக்கும் துள்ளல், சுழற்சி ஒன்றும் இதில் இல்லை. ஆனால் அந்த நடையோடு வாயால் பாட வேண்டும், பாட்டின் தாளம் காலில் விழ வேண்டும், முகத்தில் ஆத்திரமோ அழுகையோ இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக வரும்போதுதான் பிள்ளைகளுக்கு வியர்த்தது.

பரதம் படித்த இரண்டு பிள்ளைகளுக்குத்தான் மிகவும் சிரமம். அவர்களின் கால் தானாகவே தூக்கித் தட்டப் பார்க்கிறது. அண்ணாவியார் குனிந்து ஒருத்தியின் காலுக்குப் பக்கத்தில் கையை நிலத்தில் வைத்து, "தூக்காதை பிள்ளை, நிலத்தை விடாதை" என்றார். அதை எத்தனை தடவை சொன்னார் என்று எண்ணவில்லை. கோபமே வரவில்லை அவருக்கு.

நான் வழமையாக வகுப்பை அரங்க விளையாட்டோடுதான் தொடங்குவேன். குழந்தை ம. சண்முகலிங்கம் ஐயாவும் 1978இல் அவர் தொடக்கிய நாடக அரங்கக் கல்லூரியும் இந்த மண்ணில் போட்ட வழி அது, எனக்குப் படிப்பித்தவர்களும் அந்த வழியில் வந்தவர்கள்தான். அண்ணாவியார் ஓரமாக இருந்து நாங்கள் விளையாடுவதைப் பார்த்துவிட்டு, "இதுவும் நல்லாத்தான் இருக்கு, கூச்சம் போகுது" என்றார். அந்த ஒரு சொல் இன்று முழுவதும் என்னோடு இருந்தது.

யூன் 14

சனிக்கிழமை. ஊடகக் கழகத்துப் பிள்ளைகள் நாலு பேரோடு அண்ணாவியார் வீட்டு முற்றத்துக்குப் போனோம். பதினோராம் வகுப்புத் தம்பி ஒருவன், நடிக்க வரவே மாட்டான், ஆனால் கமரா என்றால் விடியப்புறம் எழும்பி வருவான். பிரான்சில் இருக்கும் தமையன் அனுப்பிய போன். அவனுடைய யோசனைதான் இது: போட்டி முடிந்தால் கூத்தும் முடிந்துவிடும், அண்ணாவியார் சொல்லித் தருவதையே ஒரு படமாக எடுத்தால் என்ன?

நல்ல வெளிச்சம், வேம்பு நிழல், எல்லாம் சரியாக இருந்தது, சோழகக் காற்று மட்டும் விடவில்லை. பனை ஓலைச் சத்தமும் காற்றும் மைக்கில் அடித்து அவருடைய குரலே கேட்கவில்லை. அப்படியும் இரண்டு மணித்தியாலம் எடுத்தார்கள். திண்ணையில் இருந்து மடிக்கணினியில் போட்டுக் காட்டினோம். முகம் வடிவாக வந்திருந்தது, சுருக்கம், கண், நரைத்த மீசை, விரல்கள் கட்டையில் ஓடுவது. தம்பிக்கு முகத்தில் சந்தோஷம். அண்ணாவியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"கால் எங்க தம்பி?"

ஒரு இடத்தில்கூடக் கால் இல்லை. எல்லாம் நெஞ்சுக்கு மேலேதான்.

யூன் 15

இரவு நித்திரை வரவில்லை, அந்தக் கேள்விதான் காரணம்.

எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும்போது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் இழுத்துத்தான் பாட்டுக் கேட்போம். பக்கத்து வீட்டு மாமாவிடம் நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாகப் பாடி நடித்த மயான காண்ட நாடகக் கசற் ஒன்று இருந்தது. தேய்ந்த கசற். சுற்றுகிறவர் களைத்தால் அரிச்சந்திரனின் குரலும் களைத்து இழுபடும், உடனே "சுத்து சுத்து" என்று எல்லோரும் கத்துவோம். வைரமுத்து 1989இல் காலமானவர், நான் அவரை மேடையில் கண்டதில்லை. அந்தக் குரலை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். ஆனால் அவர் சுடலையில் எப்படி நடந்து வருவார், எந்தக் காலை முன்னுக்கு வைப்பார், தடியை எந்தப் பக்கம் ஊன்றுவார், ஒன்றும் தெரியாது. மாமா எழும்பி நடந்து காட்டுவார். நான் பார்த்தது மாமாவின் நடையை.

அண்ணாவியாரின் காலைப் படமெடுக்காமல் விட்டால் இந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் அதே நிலைதான். பாட்டுக் கொப்பி இருக்கும், குரல் இருக்கும், நடை இருக்காது.

யூன் 20

இந்தக் கிழமை முழுக்கக் கமரா வேலை. திரும்ப எடுப்பதென்று தம்பியே சொன்னான், நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காற்றுக்காக மண்டபத்துக்குள் வைத்தோம். கதவுகளைச் சாத்திவிட்டுக் குழல் விளக்குகளைப் போட்டதும் படத்தில் கறுப்புக் கோடுகள் மேலும் கீழும் ஓடத் தொடங்கின. பௌதிகவியல் சேரைக் கூப்பிட்டோம், அவர் வந்து ஐந்து நிமிடத்தில் விளங்கப்படுத்தினார். எங்கள் மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று, அதனால் விளக்கு செக்கனுக்கு 100 தடவை மங்கித் துலங்குகிறது, போன் எடுப்பதோ செக்கனுக்கு 30 படம், இரண்டும் பொருந்தவில்லை. 25 படத்துக்கு மாற்றி, ஒவ்வொரு படத்துக்கும் ஐம்பதில் ஒரு செக்கன் வெளிச்சம் என்று நிறுத்தியதும் கோடு போய்விட்டது. பெடியள் கைதட்டினார்கள். அவர் இரசாயனவியல் ரீச்சரையும் கூட்டிக்கொண்டு அடுத்த நாளும் ஒத்திகை பார்க்க வந்தார்.

இரண்டு போன். ஒன்று தூரத்தில், வாங்கு மேல் வாங்கு அடுக்கிச் செங்கல் அண்டை கொடுத்து, முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. அது அசையக் கூடாது, நிறுத்தவும் கூடாது, தலையில் இருந்து பாதம்வரை முழு ஆளும் அதற்குள் இருக்க வேண்டும், முன்னுக்கு வந்தாலும் பின்னுக்குப் போனாலும் பாதம் வெட்டுப்படக் கூடாது. மற்றது கையில், முகத்துக்கும் விரலுக்கும். மூன்றாவதாக ஒரு பழைய போனைத் துணியில் சுற்றி ஆர்மோனியத்துக்கும் அவருக்கும் நடுவில் சத்தத்துக்கு மட்டும் வைத்தோம். தொடங்கும்போது ஒருவர் ஓங்கிக் கை தட்டுவார், பிறகு கணினியில் அந்த ஒரு சத்தத்தை வைத்து மூன்றையும் பொருத்திவிடலாம்.

ஒத்திகை முடிந்தபின் பிள்ளைகளுக்கு 1977இல் யாழ்ப்பாணத்தில் வைத்து எடுக்கப்பட்ட பொன்மணியைப் பற்றிச் சொன்னேன். தர்மசேன பத்திராஜா என்ற சிங்கள இயக்குநர் தமிழில் எடுத்த படம், அவர் எங்கள் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவரும்கூட. ஒரு பிள்ளை, "எங்கட ஊரையே படம் எடுத்தவையோ ரீச்சர்?" என்று கேட்டாள். படம் என்றால் சென்னையில் இருந்து வருவது என்றுதான் இவர்களின் மனதில் இருக்கிறது. 2015இல் இருந்து யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது, அதற்கு இந்த நாலு பேரையும் கட்டாயம் கூட்டிப் போக வேண்டும்.

யூன் 27

காத்தானின் அம்மா வந்தார். கணித ரியூசன் மூன்று மணிக்கு, ஒத்திகை முடிய மூன்றரை ஆகிறது, இரண்டு கிழமையாக வகுப்புப் பிந்துகிறது. கோபமாக வந்தவரில்லை, பயந்து வந்தவர். "அடுத்த வருசம் ஓ.எல். சோதனை ரீச்சர், தகப்பனும் இல்லை" என்றார். அதற்கு மேல் நான் என்ன கதைப்பது? நாடகமும் அரங்கியலும் ஒரு பாடம்தான், சோதனை இருக்கிறது, செயன்முறைப் புள்ளி இருக்கிறது, உயர்தரத்திலும் எடுக்கலாம் என்றெல்லாம் சொல்லத் தெரியும். ஆனால் அவருக்கு வேண்டியது அந்த அரை மணித்தியாலம். கழுவேறும் பகுதியை முதலில் பழக்கி அவளை இரண்டே முக்காலுக்கு விடுகிறேன் என்றேன். போகும்போது வாசலில் நின்று, மகள் தாயோடு தர்க்கப்படும் இடத்தைக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

யூலை 2

வலயப் போட்டி. இரண்டாம் இடம். முதலாம் இடம்தான் மாகாணத்துக்குப் போகும், ஆகவே எங்களுடையது இன்றோடு முடிந்தது.

நடந்ததை எழுதி வைக்கிறேன். கழுமரத்துக்கு நாங்கள் செய்து கொண்டுபோன ஏணி மேடைப் பலகையின் இடுக்கில் சரியாக இருக்கவில்லை. அவள் மூன்றாம் படியில் கால் வைத்ததும் அது ஆடியது. கீழே நின்ற இரண்டு காவலர் பிள்ளைகளும், ஒருவரும் சொல்லாமலே, ஈட்டியைப் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் தோளைக் கொடுத்தார்கள். அவள் பாட்டை நிறுத்தவில்லை. காலைப் படியை விட்டு எடுக்காமல், தேய்த்துத் தேய்த்து ஏறினாள். நான் திரைக்குப் பக்கத்தில் நின்று அந்தக் காலை மட்டும்தான் பார்த்தேன். நிலத்தை விடாதை.

முதலாம் இடம் பெற்ற பள்ளிக்கூடத்தின் கூத்து உண்மையிலேயே நன்றாக இருந்தது, பிற்பாட்டு எங்களுடையதைவிட உறுதி. பிள்ளைகள் பஸ்ஸில் அழுதார்கள். பருத்தித்துறை நெருங்கும்போது யாரோ ஆரியமாலையின் வரவுப் பாட்டைத் தொடங்க மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள், சாரதி அண்ணை ரேடியோவை நிற்பாட்டினார்.

யூலை 8

படத்தைப் போட்டுக் காட்டினோம். இருபத்திரண்டு நிமிடம். மண்டபச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, பள்ளிக்கூடத்துப் புரொஜெக்டரில். அண்ணாவியாரும் அவருடைய மனைவியும் முன் வரிசையில் இருந்தார்கள், காத்தானின் அம்மாவும் வந்திருந்தார்.

முதல் நாலு நிமிடமும் முழு ஆள்தான், வெட்டே இல்லை. அவர் முன்னுக்கு வருகிறார், பின்னுக்குப் போகிறார், பாடுகிறார். இது ஆட்களுக்கு அலுக்கும் என்று தம்பிக்குப் பயம் இருந்தது, அவ்வளவையும் விடு என்று சொன்னது நான். ஒருவரும் அசையவில்லை. அம்மா, அண்ணாவியாரின் மனைவியைத்தான் சொல்கிறேன், மெல்லிய குரலில் கூடவே பாடினார், அவருக்கு எல்லா வரியும் பாடம்.

அண்ணாவியார் நடுவில் கையை உயர்த்தினார். "தம்பி, கொஞ்சம் பின்னுக்கு விடு." விட்டான். "இன்னுமொருக்கா." மூன்று தடவை பார்த்தார். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆடியவர், தன் காலைத் தானே முன்னால் இருந்து பார்த்தது இன்றுதான் முதல் தடவை. எழும்பிச் சுவருக்குப் பக்கத்தில் போய், நிழல் தன் மேலேயே விழ, படத்தில் இருந்த தன் இடது காலைத் தொட்டுக் காட்டினார்.

"திரும்பேக்க இந்தக் கால் பிந்துது. முழங்கால் நோவாலதான். இதைப் பாத்துப் பிள்ளையள் பிழையாப் பழகப் போகுதுகள். நாளைக்குத் திரும்ப எடுப்பம்."

தம்பி என்னைப் பார்த்தான். நாளைக்குக் காலை ஆறரைக்கு மண்டபம் திறக்க அதிபரிடம் கேட்டுவிட்டேன். திரும்பும் இடத்தை அவர் சொல்லச் சொல்லக் காத்தான் பிள்ளை ஆடிக் காட்டுவதென்று முடிவு, அவள் ஏழரைக்குள் முடித்து வகுப்புக்குப் போய்விடுவாள். போன் மூன்றும் இப்போது சார்ஜில் கிடக்கின்றன.