சக்கரத் தடமும் ஆமைத் தடமும்

தனுஷ்கோடிக் கரையில் ஆமை முட்டைகளைக் காக்கும் தற்காலிகக் காவலராக வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மூத்த காவலர் ஒருவர் என்னை விடியுமுன் அழைத்துச் சென்று, பங்குனி ஆமை என்னும் கடலாமை முட்டையிடக் கரையேறிய தடத்தைக் காட்டினார். "தம்பி, தடத்து மேல கால வச்சுராதீங்க, அது அழிஞ்சா குழி எங்கேன்னு தெரியாது" என்றார். ஏறிய தடமும் இறங்கிய தடமும் சேருமிடத்தில் மணல் கிளறிக் கிடக்கும். சுற்றிலும் கெட்டி மணலில் முட்டி நிற்கும் மெல்லிய கம்பு, முட்டைக்குழியின்மேல் மட்டும் எளிதாக இறங்கும். பிறகு கையால்தான் தோண்ட வேண்டும். நூறுக்கு மேலும் இருக்கக்கூடிய முட்டைகளைப் புரட்டாமல் எடுத்துச் சென்று, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைப்போம். 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் மேலே வரும்.

இந்த வேலையில் என்னை மிகவும் வருத்தியது நாயோ நரியோ அல்ல, வண்டித் தடம். 2017இல் நிலம் முடியும் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்படும் முன் வேன்கள் மணலிலேயே ஓடின; சாலை வந்த பிறகாவது மணலை விட்டிருக்கலாம். ஆயினும் அலையோரம் படமெடுப்பதற்காக வண்டியை இறக்குவோர் இன்றும் உண்டு. ஒரு காலையில், எங்கள் கண்ணுக்குத் தப்பிய குழியிலிருந்து வெளிவந்த குஞ்சுகள், நான்கு விரற்கடை ஆழமுள்ள டயர் பள்ளத்துக்குள் விழுந்து, ஏற முடியாமல் கடலுக்குப் போகாமல் கரைக்கு இணையாகவே ஊர்ந்துகொண்டிருந்தன. கடைசியில் இருந்த மூன்று வெயிலில் காய்ந்துபோயிருந்தன. அலை அங்கிருந்து இருபது அடிதான்.

பூநாரைகளுக்கும் மனிதரால்தான் இடர். 2025 ஜூனில் தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் பரப்பு அவற்றின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சேற்றில் இறங்கி யாராவது நெருங்கினால் கூட்டமே எழும்பும். மேய்ந்து சேர்த்த பலம் அப்படிப் பறப்பதிலேயே கரையும். அதற்காக மக்களைத் தடுத்துவிட வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. குஞ்சுகளைக் கடலில் விடும்போது கயிற்றுக்கு இப்பால் மூச்சடக்கி நிற்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். நாளை இந்தக் கரைக்காகப் பேசப்போகிறவர்கள் அவர்கள்தாம்.

பொரிப்புக் காலத்தில் மாலை ரோந்துக்கு மண்வெட்டியும் கொண்டுபோய்ப் பள்ளங்களைச் சமன் செய்கிறேன். அதைப் பார்த்த ஜீப் ஓட்டுநர் தம்பி ஒருவர், தன் வண்டியின் தடத்தைக் காலால் தள்ளி மூடினார். மறுவாரம் அவர் வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு, பயணிகளை நடத்தி அழைத்து வந்தார்.