செம்பூராங்கல்லும் காட்டாமணக்கு எண்ணெயும்

எனக்குச் சோறு போடுவது சூடான எண்ணெய். ஈரோட்டுப் பக்கம் சாயப்பட்டறைகளில் தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டர், அதாவது எண்ணெயைச் சூடேற்றிக் குழாயில் ஓட்டி வெப்பம் கொடுக்கும் கருவி, அதன் பராமரிப்பு வேலை. அளவுக்கு மீறிச் சூடேறினால் அந்த எண்ணெய் என்ன பாடுபடும் என்று தினமும் பார்க்கிறேன். தார் போலக் கறுத்துக் கெட்டியாகும், குழாயின் உள்சுவரில் கரி படியும், பம்ப் திணறும். மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவில் சூரிய வெப்பத்தைப் பிடித்து வைக்கக் காட்டாமணக்கு எண்ணெயைப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள் என்று படித்தபோது முதலில் நம்பவில்லை. அதன் பிறகு அந்த ஆய்வுகளைத் தேடித்தேடிப் படித்துக்கொண்டே இருக்கிறேன்.

தலைநகர் ஊகாடூகூவில் நீர், சுற்றுச்சூழல் பொறியியலுக்கான சர்வதேசக் கல்வி நிறுவனம் இருக்கிறது. நகருக்கு வெளியே கம்போயின்சேவில் இருக்கும் அதன் வளாகத்தில், கண்ணாடிகளால் வெயிலை ஒரு கோபுர உச்சியில் குவித்துச் சுமார் 10 கிலோவாட் மின்சாரம் எடுக்கும் சிறு நிலையத்தை வடிவமைத்தார்கள். மொரோக்கோவின் வார்ஸாசாத்தில் வெயிலைக் குவித்தே நூற்றுக்கணக்கான மெகாவாட் எடுக்கிறார்கள். ஆனால் அங்கே பெரும்பாலும் வெப்பத்தைச் சுமப்பது செயற்கை எண்ணெய், சேமிப்பது உருகிய நைட்ரேட் உப்பு. சுமார் 220 டிகிரிக்குக் கீழே போனால் அந்த உப்பு குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும். கடற்கரையே இல்லாத நாட்டில், மின்கம்பி எட்டாத கிராமத்தில், அதை யார் வரவழைப்பது, யார் கட்டிக் காப்பது?

அதனால் காலடியில் இருப்பதை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று லேட்டரைட், நம் புதுக்கோட்டைக்காரர்கள் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள், செம்பூராங்கல். அங்கே அதை வெட்டிச் சுவர் எழுப்புகிறார்கள். இன்னொன்று காட்டாமணக்கு. ஆடு மாடு வாய் வைக்காது என்பதால் வயலுக்கு வேலியாக நிற்கும் செடி. எண்ணெய் நஞ்சு, சமையலுக்கு ஆகாது. அதனால் யார் தட்டிலிருந்தும் பிடுங்க வேண்டியதில்லை.

தொட்டி நிறையக் கல்லை அடுக்கி, சூடான எண்ணெயை மேலிருந்து விடுகிறார்கள். கல் சூட்டை வாங்கிக்கொள்ளும், ஆறிய எண்ணெய் அடியில் வெளியேறும். மேலே சூடு, கீழே குளிர்ச்சி, நடுவில் ஒரு மெல்லிய மாறும் பகுதி. வெயில் போனபின் ஓட்டத்தைத் திருப்பிவிட்டால் சூடு மேல்வழியாகத் திரும்பக் கிடைக்கும். சூடானதற்கு ஒன்று, ஆறியதற்கு ஒன்று என்று இரண்டு தொட்டி தேவையில்லை. கொள்ளளவில் பெரும்பகுதி கல் என்பதால் எண்ணெயும் குறைவாகவே பிடிக்கும்.

என் கவலையெல்லாம் எண்ணெய் மீதுதான். அவர்கள் 210 டிகிரி அளவில் வைத்து அது எப்படி மூப்படைகிறது என்று சோதித்திருக்கிறார்கள். தாவர எண்ணெய்க்குக் காற்றுதான் எமன். ஆக்சிஜன் பட்டால் அமிலத்தன்மை ஏறும், பிசுபிசுப்பு கூடும், பிறகு இரும்பையும் அரிக்கத் தொடங்கும். நைட்ரஜன் போர்த்தி மூட வேண்டும். கிராமத்துத் தொட்டியில் அந்த மூடியின் கேஸ்கெட்டை மாற்றப்போவது யார் என்பதையும் வடிவமைப்பவர்தான் யோசிக்க வேண்டும்.

தூசியும் இருக்கிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை சஹாராவிலிருந்து ஹர்மத்தான் காற்று அடிக்கும், வானம் வெளிறிப்போகும். வெளிச்சம் இருக்கும், ஆனால் சிதறிய வெளிச்சத்தைக் கண்ணாடியால் குவிக்க முடியாது. சோலார் பேனல் அதையும் ஓரளவு வாங்கிக்கொள்ளும். அதன் விலையும் சரிந்தது. ஊகாடூகூ அருகே சாக்துலியில் 2017-இல் 33 மெகாவாட் பேனல் நிலையம் திறந்தார்கள். மின்சாரத்தில் பேனலோடு இந்தத் தொட்டி போட்டியிட முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

வெப்பத்தையே வெப்பமாகக் கொடுத்தால் கதை வேறு. அங்கே பெண்கள் சோளத்திலிருந்து டோலோ என்ற பீரைக் காய்ச்சி விற்கிறார்கள். பெரிய பானைகளில் மணிக்கணக்காகக் கொதிக்க வேண்டும், விறகு மளமளவென்று தீரும். ஷியா மரக் கொட்டையிலிருந்து வெண்ணெய் எடுப்பதிலும் அடுப்பு வேலை அதிகம். இந்த வேலைகளுக்கு 210 டிகிரி தாராளம். டர்பைன் வேண்டாம், பேட்டரி வேண்டாம். பக்கத்து நாடான நைஜரில், 1969 முதல் தலைநகர் நியாமேயின் சூரிய ஆற்றல் அலுவலகத்தை நடத்திய இயற்பியலாளர் அப்து முமூனியின் காலத்திலேயே, சூரிய வெந்நீர்க் கருவிகளை உள்ளூரிலேயே செய்தார்கள். அந்தப் பட்டறைப் புத்தி இந்தத் தொட்டிக்கும் வேண்டும்.

தாவர எண்ணெயை 200 டிகிரிக்கு மேல் வருஷக்கணக்கில் ஓட்டிய தொழில்காரர் யாராவது இதைப் படித்தால், அமில எண் எவ்வளவு வேகமாக ஏறியது, எப்போது எண்ணெய் மாற்றினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.