பால்மரக் காட்டின் சாம்பல் நிறங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் படம் எடுப்பவருக்கு முதல் தொல்லை பச்சை நிறம்தான். பால்மரம் எனும் ரப்பர் மரம், செம்பனை, வாழை, புல் என எங்கும் பச்சையாகவே இருப்பதால், வண்ணப் படத்தில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, எதைக் காட்ட எண்ணினோமோ அதுவே காணாமல் போகிறது. கறுப்பு வெள்ளை அதற்குத் தானாகவே தீர்வாகிவிடாது. நண்பகலில் எடுத்தால் அத்தனை பச்சையும் ஒரே சாம்பலாகிப் படம் சப்பென்று இருக்கும். விடிகாலைப் பனியில் எடுத்தால்தான் முன்வரிசை மரங்கள் கரியாகவும், அடுத்தவை சாம்பலாகவும், கடைசி வரிசை வெண்புகையாகவும் பிரிந்து, தோட்டத்திற்கு ஆழம் கிடைக்கிறது. மரத்தில் கட்டிய மங்கில், அதாவது கிண்ணத்தில், சொட்டும் பால் மட்டுமே அதில் தூய வெள்ளை.

நிறம் இல்லாததால்தான் இப்படங்களில் சோகம் படிகிறது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்த நிறம் எவ்வளவு இருள வேண்டும் என்பதிலிருந்தே அந்த உணர்வு பிறக்கிறது. பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் படச்சுருள் சிவப்பு ஒளியை உணராது. ஆகவே அதில் குங்குமம் கறுப்பாகப் பதியும், நீல வானம் வெளுத்துவிடும், நம்மவரின் மாநிறமும் ஒரு படி இருண்டு தோன்றும். பாட்டிமார்களின் பழைய ஸ்டூடியோ படங்களில் தெரியும் கடுமையில் பாதி அந்த ரசாயனத்தின் வேலையாக இருக்கலாம்.

பான்குரோமாட்டிக் தகடுகள் 1906இல் விற்பனைக்கு வந்தபின் சிவப்பும் பதிவாயிற்று. முடிவெடுக்கும் உரிமையும் படம் எடுப்பவர் கைக்கு வந்தது. மஞ்சள் ஃபில்டர் நீல வானத்தைச் சற்று இருட்டி மேகத்தை எடுத்துக்காட்டும். சிவப்பு ஃபில்டர் வானத்தை இரவுபோல் ஆக்கும். பச்சை ஃபில்டர் இலைகளை வெளுப்பாக்கும். ஆனால் ஈரப்பதத்தால் நம் வானம் பெரும்பாலும் வெளிறியே கிடப்பதால், பெருமழை ஓய்ந்த நாள்களில் மட்டுமே சிவப்பு ஃபில்டரால் பயனுண்டு. டிஜிட்டல் படத்தில் இதே வேலையை நிறங்களைத் தனித்தனியே கூட்டிக் குறைத்துச் செய்யலாம். ஆரஞ்சைச் சற்றுக் கூட்டினால் நம் முகங்களில் ஒளி ஏறும், மேலும் கூட்டினால் பவுடர் அப்பியது போலாகும்.

தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தின் இடிந்த வீடுகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துக் கண்ணீர் வரவழைப்பது மிக எளிது. தகரத்தின் துரு அழகிய சாம்பலாகிவிடும். கூரை ஒழுகுவது தெரியாது. ஆள் குடியிருக்கும் லயம் என்றால் வண்ணத்திலேயே எடுக்கிறேன். தைப்பூசக் காவடியும் அப்படித்தான்: மஞ்சள் உடையையும் மயிற்பீலியையும் சாம்பலாக்க எனக்கு மனம் வருவதில்லை.