எதிர்க்காற்றில் 55 கிலோமீட்டர்: நிதி திரட்டும் சைக்கிள் பயணத்துக்குத் தயாரான எட்டு வாரம்

சிறுநீரகம் செயலிழந்தவர்களின் டயாலிசிஸ் செலவுக்கு நிதி திரட்டும் பயணம் அது. ஒரே நாளில் 140 கிலோமீட்டர். என் சித்தப்பா நான்கு ஆண்டுகளாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அந்த இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே படுத்திருக்க வேண்டும். அதனால் பெயர் கொடுக்க நான் யோசிக்கவே இல்லை. சொந்தக்காரர்களும் நண்பர்களும் கிலோமீட்டருக்கு இவ்வளவு தருகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கால் வலிக்கும், இருக்கையில் உட்கார முடியாமல் போகும் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். காற்றையும் குளிரையும் பற்றி நினைக்கவில்லை.

முதல் வாரத்திலேயே பாடம் கிடைத்தது. 60 கிலோமீட்டர் பயிற்சி. 30 போய் 30 திரும்ப வேண்டும். கிளம்பும்போதே காற்று எதிரே வந்தது. வழக்கமாக 24 காட்டும் வேகமானி 15-க்கு இறங்கிவிட்டது. விடக் கூடாது என்று அதே கியரில் எழுந்து நின்று மிதித்தேன். ஒரு மணி நேரத்தில் தொடை எரிந்தது, மூச்சு வாங்கியது, வேகம் 17-ஐத் தாண்டவில்லை. திரும்பும்போது பின்காற்று தள்ளியும் காலில் தெம்பில்லை. வீடு வந்து சேர்ந்ததும் ஷூவைக் கழற்றாமல் தரையிலேயே படுத்துவிட்டேன்.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாம் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றும் 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், உடம்பில் மோதும் காற்றின் வேகம் 40. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. காற்றில்லாத நாளில் 20-ல் போவதற்குக் காற்றைக் கிழிக்க எவ்வளவு உழைக்கிறோமோ, அதைப் போல நான்கு மடங்கு உழைத்தால்தான் அதே 20-ல் போக முடியும். இதைப் பிடிவாதத்தால் சமாளிக்க முடியாது. போகும்போது இழந்ததை வரும்போது பின்காற்றில் பிடித்துவிடலாம் என்பதும் நடக்காது. 30 கிலோமீட்டரை 15 வேகத்தில் போக இரண்டு மணி நேரம். 30 வேகத்தில் திரும்ப ஒரு மணி நேரம். சராசரி 20 தான் வரும், 22.5 வராது. மெதுவாகப் போகும் நேரம்தானே அதிகம்!

அப்போதுதான் ஒன்று உறைத்தது. எனக்குப் பணம் எழுதிக் கொடுத்தவர்கள் கிலோமீட்டருக்குத்தான் எழுதியிருக்கிறார்கள், வேகத்துக்கு இல்லை. மறுநாள் வேகம் காட்டும் இடத்தின் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். தூரமும் இதயத்துடிப்பும் மட்டும் தெரிந்தால் போதும்.

அடுத்த மூன்று வாரம் இப்படித்தான் ஓட்டினேன். விதி ஒன்றே ஒன்று: ஒரு முழு வாக்கியத்தை மூச்சு முட்டாமல் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லையென்றால் கியரைக் குறை. காற்று வந்து அமுக்கும் வரை காத்திருக்காமல், வருகிறது என்று தெரிந்ததுமே இரண்டு கியர் குறைத்து நிமிடத்துக்கு 85 மிதிக்குப் பக்கத்தில் காலை ஓடவிட்டேன். கனமான கியரில் அமுக்கி மிதித்தால் முதலில் முட்டிதான் கேள்வி கேட்கும். மூன்றாம் வாரம் அதே பாதை, ஏறக்குறைய அதே காற்று. முதல் தடவையைவிட ஆறு நிமிடம் மட்டுமே கூடுதலாக ஆனது. ஆனால் வீட்டுக்கு வந்து தரையில் படுக்கவில்லை. சைக்கிளைத் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் போட்டேன்.

உட்காரும் விதத்திலும் வேலை இருந்தது. சைக்கிளும் ஆளும் சேர்ந்து வாங்கும் காற்றில் பெரும்பங்கு ஆளின் உடம்புக்குத்தான். விலை கூடிய சக்கரம் வாங்குவதைவிட முழங்கையை மடக்கித் தோளைத் தாழ்த்துவதில் பலன் அதிகம். முதல் நாள் அப்படி இரண்டு நிமிடம் இருந்ததற்கே கழுத்து பிடித்துக்கொண்டது. பிறகு ஐந்து நிமிடம் குனிவது, இரண்டு நிமிடம் நிமிர்வது என்று மாற்றி மாற்றிப் பழகினேன். ஏழாம் வாரத்தில் இருபது நிமிடம் குனிந்தபடியே ஓட்ட முடிந்தது. தொளதொளவென்று படபடக்கும் ஜாக்கெட்டையும் அன்றோடு ஒதுக்கிவைத்தேன். அது காற்றைப் பிடிக்கிறது. அதன் சத்தமே ஆளைக் களைப்பாக்குகிறது.

எனக்குப் பயம் தந்தது பக்கக்காற்றுதான். கட்டடமோ மர வரிசையோ முடியும் இடத்தில் சட்டென்று ஓர் அறை விழும். பெரிய லாரி கடக்கும்போது ஒரு கணம் காற்றே இருக்காது, அதன் மேல் சாய்ந்துவிடுவோமோ என்று இருக்கும். அது போனதும் காற்று திரும்ப வந்து தள்ளும். இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க ஹேண்டில்பார் அதிகம் ஆடியது. பிடியைத் தளர்த்தி, முழங்கையைத் தொய்வாக விட்டு, சாலை ஓரத்திலிருந்து ஒரு முழமாவது உள்ளே தள்ளி ஓட்டியபோதுதான் நிதானம் வந்தது. இறக்கத்தில் முன்சக்கரம் நடுங்கினால், மிதிப்பதை நிறுத்தி ஒரு முட்டியைச் சட்டத்தின் மேல்குழாயோடு ஒட்டிவைத்தால் நடுக்கம் அடங்குகிறது. கண்ணைச் சாலையில் மட்டும் வைக்காமல் தூரத்துப் புல், கொடி, புகை ஆகியவற்றிலும் வைக்க வேண்டும். சின்னக் கிளைகள் அசைந்தால் மணிக்கு 20-லிருந்து 28 கிலோமீட்டர் காற்று. சின்ன மரமே ஆடினால் 29-க்கு மேல். பெரிய கிளைகள் ஆடினால் 39-ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். காற்றின் வலுவைக் கணிக்கும் போஃபர்ட் அளவுகோல் சொல்லும் அடையாளங்கள் இவை. பெரிய கிளை ஆடும் நாளில் நான் பயிற்சிக்கே போகவில்லை.

குளிர் ஐந்தாம் வாரம் வந்தது. காலை 10 டிகிரி. கிளம்பும்போது நடுக்கமாக இருந்ததால் பருத்திச் சட்டை, அதன் மேல் தடித்த ஸ்வெட்டர், அதற்கும் மேல் ஜாக்கெட். அரை மணியில் உள்ளே வேர்த்துக் கொட்டியது. ஏற்றம் முழுவதும் வேர்வை, உச்சியில் ஐந்து நிமிடம் ஓய்வு, அப்புறம் நீண்ட இறக்கம். நனைந்த பருத்தி முதுகோடு ஒட்டிக்கொண்டு ஐஸ் மாதிரி ஆகிவிட்டது. பாதி இறக்கத்தில் பற்கள் அடித்துக்கொண்டன. பிரேக்கைப் பிடித்த விரல் என் விரல் மாதிரியே இல்லை. கீழே வந்து சாப்பிடலாம் என்று பிஸ்கெட் பொட்டலத்தை எடுத்தால் அதன் ஓரத்தைக் கிழிக்க முடியவில்லை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொடுவதே தெரியவில்லை; கடைசியில் பல்லால் கடித்துக் கிழித்தேன். இந்த விரல்களைக் கொண்டுதானா இறக்கம் முழுக்க பிரேக் பிடித்தேன் என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது.

10 டிகிரி என்று தெர்மாமீட்டர் சொன்னாலும், 30 கிலோமீட்டர் வேகக் காற்று பட்டால் தோலுக்கு அது 7 டிகிரி மாதிரி. 5 டிகிரி என்றால் சுழியம் மாதிரி. காற்றே இல்லாத நாளிலும் இறக்கத்தில் அந்தக் காற்றை நாமேதான் உண்டாக்கிக்கொள்கிறோம். மிதிப்பதும் நின்றுவிடுவதால் உடம்பில் சூடும் பிறக்காது. ஏறும்போது ஜிப்பைத் திற, உச்சிக்குச் சற்று முன்பே மூடு என்பதை அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன். கையுறையோடு ஜிப்பின் சிறு நாக்கைப் பிடிக்க முடியாததால் அதில் ஒரு விரல் நுழையும் அளவுக்குக் கயிற்று வளையம் கட்டினேன். இந்த எட்டு வாரத்தில் செய்த வேலைகளில் அதிகம் உதவியது அந்தச் சின்ன வளையம்தான்.

உடையை இப்படி மாற்றினேன்: உடம்போடு ஒட்டிய, வேர்வையை வெளியே கடத்தும் செயற்கை இழை பனியன், மேலே ஜெர்ஸி, அதற்கு மேல் முன்பக்கம் காற்று புகாத, முதுகில் வலையுள்ள கையில்லா வெஸ்ட். கைக்குக் கழற்றி மாட்டும் உறை, முட்டிக்கும் அதேபோல் ஒன்று. நெஞ்சிலும் முட்டியிலும் காற்று நேராக அறையாமல் இருந்தால் பாதிக் குளிர் போய்விடுகிறது. கிளம்பி முதல் பத்து நிமிடம் கொஞ்சம் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் உடை அதிகம். வெஸ்ட் இல்லாதவர்கள் இறக்கத்துக்கு முன் ஜெர்ஸிக்குள் நெஞ்சுப் பக்கம் செய்தித்தாளைச் செருகிக்கொள்ளலாம். பந்தய வீரர்கள் மலை உச்சிகளில் காலங்காலமாகச் செய்வதுதான். நானும் செய்து பார்த்தேன், அருமையாக வேலை செய்கிறது.

தண்ணீர் விஷயத்திலும் தப்பு செய்தேன். குளிரில் தாகமே எடுக்காது. 80 கிலோமீட்டர் பயிற்சியில் ஒரு பாட்டிலில் பாதிகூடக் காலியாகவில்லை. சாயங்காலம் தலைவலி பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு 15 நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தை ஒலிக்க வைத்து இரண்டு மிடறு குடித்தேன். சாப்பாடும் அப்படித்தான், மணிக்கு 40-லிருந்து 50 கிராம் மாவுச்சத்து. பசித்த பிறகு சாப்பிட்டால் எதிர்க்காற்றில் அது காலுக்கு வந்து சேர்வதற்குள் பத்து கிலோமீட்டர் போய்விடும்.

சரி, பயண நாளுக்கு வருகிறேன்.

காலை 9 டிகிரி, இலை அசையவில்லை. எல்லாருக்கும் பருத்தியில் ஒரு பெரிய டி-ஷர்ட் கொடுத்தார்கள். அதைத் தவிர்க்க மனம் வரவில்லை. நெஞ்சில் ‘சித்தப்பாவுக்காக’ என்று நானே எழுதியிருந்தேன். அதனால் அடியில் செயற்கை இழை பனியன், நடுவே டி-ஷர்ட், மேலே வெஸ்ட் என்று போட்டு, தொங்கிய துணியை வெஸ்டுக்குள் செருகிவிட்டேன். எண் அட்டையை நான்கு முனையிலும் குத்தியது போதாமல் நடுவிலும் இரண்டு ஊக்கு குத்தினேன்.

முதல் 85 கிலோமீட்டர் சுகமாகப் போனது. வானிலை அறிக்கை, முற்பகலுக்கு மேல் மேற்கிலிருந்து 25 கிலோமீட்டர் காற்று, வீச்சில் 40 வரை என்று சொல்லியிருந்தது. வெயில் ஏறித் தரை சூடானதும் மேலே ஓடும் வேகக் காற்று கீழே இறங்கிக் கலக்கும். அதனால் நண்பகலை ஒட்டிக் காற்று வலுக்கும். எங்கள் பாதை மேற்கே திரும்புவதும் ஏறத்தாழ அதே நேரம். முன்பே தெரிந்திருந்ததால் அந்த 85-ஐ அடக்கியே ஓட்டினேன். நிறையப் பேர் என்னைத் தாண்டிப் போனார்கள்.

திருப்பத்தில் காற்று முகத்தில் வந்து நின்றது. முதல் ஐந்து கிலோமீட்டர் தனியாகவே குனிந்து போனேன். முன்னால் ஒரு அக்கா சீராக மிதித்துக்கொண்டிருந்தார். “உங்க சக்கரத்துக்குப் பின்னாடி வந்துக்கலாமாக்கா?” என்று கேட்டேன். “வா, ஆனா மாத்தி மாத்திப் போகணும், சரியா?” என்றார். கேட்காமல் யார் பின்னாலும் ஒட்டக் கூடாது. அவர் திடீரென்று பிரேக் பிடித்தால் இருவரும் விழுவோம். ஒரு மீட்டர் இடைவெளியில் போனபோதே காற்றின் இரைச்சல் குறைந்தது, துடிப்பு 148-லிருந்து 131-க்கு இறங்கியது. இரண்டு நிமிடம் அவர், இரண்டு நிமிடம் நான். கொஞ்ச தூரத்தில் இன்னும் மூன்று பேர் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் ரொம்பவே களைத்திருந்தார். “நீங்க முன்னாடி வரவே வேணாம், கடைசியில இருங்க” என்று அக்கா சொல்லிவிட்டார். காற்று இடப்பக்கத்திலிருந்து சாய்வாக வீசிய இடத்தில் ஒவ்வொருவரும் முன்னவருக்குச் சற்று வலப்பக்கமாகத் தள்ளி ஓட்டினோம். போக்குவரத்து உள்ள சாலையில் இரண்டு மூன்று பேருக்கு மேல் அப்படிச் சரிந்து போக இடமில்லை, மற்றவர்கள் நேராகவே வந்தார்கள்.

110-ல் ஓய்விடம். நாற்காலிகளைப் பார்த்ததும் உட்காரத் தோன்றியது. ஐந்தாம் வாரத்து உச்சி ஞாபகம் வந்தது. சுவருக்கு மறைவாகப் போய், வெஸ்ட் ஜிப்பை வளையத்தில் விரல் விட்டுக் கழுத்து வரை ஏற்றி, நின்றபடியே சாப்பிட்டுத் தண்ணீர் நிரப்பி எட்டு நிமிடத்தில் கிளம்பினோம். களைத்திருந்தவருக்கு நடுக்கம் நிற்கவில்லை. கேட்டதற்கும் ஒற்றை வார்த்தையில் தடுமாறித்தான் பதில் வந்தது. கை தடுமாறுவதும் பேச்சு குழறுவதும் உடம்பின் உள்சூடு இறங்குவதற்கான அடையாளம். உதவி வண்டியில் ஏற்றி, ஈரச் சட்டையை மாற்றிப் போர்வை சுற்றச் சொல்லிவிட்டு வந்தோம். அவர் சம்மதிக்க நேரம் பிடித்தது. அதுவரை வந்த கிலோமீட்டர் எல்லாம் அவருடையதுதான் என்று அக்கா கையைப் பிடித்துச் சொன்னார்.

கடைசி 30-ல் ஒரு வளைவு கிழக்கே திரும்பி நான்கு கிலோமீட்டருக்குப் பின்காற்று கிடைத்தது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொண்டோம்: நிமிர்ந்து முதுகை நீட்டி, சாப்பிட்டு, குடித்து, விரல்களை உதறிச் சூடாக்கினோம். யாரும் வேகம் பிடிக்கவில்லை.

மிதித்த நேரம் 6 மணி 58 நிமிடம். முதல் 85 கிலோமீட்டர் சராசரி 24, கடைசி 55 கிலோமீட்டர் சராசரி 16. முடிந்த பிறகுதான் டேப்பை உரித்துப் பார்த்தேன். 140-க்கும் உரிய தொகை முழுதாகச் சேர்ந்தது. சித்தப்பாவுக்குப் போன் செய்தபோது அவர் அன்றைய டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். “காத்து எப்படிப்பா இருந்துச்சு?” என்றுதான் முதலில் கேட்டார்.

சரியாக வராதது கால் விரல்கள். ஷூவின் காற்றுத் துளைகள் வழியாகக் குளிர் ஏறி, 90-க்கு மேல் விரல் இருப்பதே தெரியவில்லை; உணர்வு திரும்ப முக்கால் மணி நேரம் ஆனது. அடுத்த முறை ஷூவின் முன்பாதிக்கு உறை மாட்டப் போகிறேன். அக்காவும் நானும் வருகிற ஞாயிறு 50 கிலோமீட்டர் போகிறோம், காற்று 20-க்கு மேல் இருந்தால் மட்டும்.