ஆரி ஃப்ரேமும் நாற்பது பக்க நோட்டும்

ஆரி எம்பிராய்டரி போட்டுக் கொடுத்த முதல் கல்யாண ப்ளவுஸுக்கு நான் வாங்கிய கூலி 1,800 ரூபாய். பக்கத்துத் தெருப் பெண், எனக்குத் தங்கச்சி மாதிரி. அரக்கு நிறப் பட்டு, முதுகில் ஒரு பெரிய மயில், இரண்டு கையிலும் முழங்கை வரை கொடி. எவ்வளவு ஆகும்க்கா என்று கேட்டதும் வாயில் வந்த தொகையைச் சொல்லிவிட்டேன். கொடுத்து முடித்த மறுநாள் காலண்டரை வைத்துக்கொண்டு எத்தனை ராத்திரி உட்கார்ந்தோம் என்று எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 46 மணி நேரம். மணி, நூல், ஜர்தோசி என்கிற உலோகச் சுருள் நூல் எல்லாம் சேர்த்து 620 ரூபாய். மீதி 1,180-ஐ 46-ஆல் வகுத்தால் மணிக்கு 26 ரூபாய்கூட வரவில்லை. அந்தக் கணக்கைப் பார்த்த அன்றுதான் இதைத் தொழிலாகச் செய்வதா, இல்லை ஆசைக்குப் போடுவதோடு நிறுத்திக்கொள்வதா என்ற கேள்வியே எனக்கு வந்தது.

நாங்கள் மதுரை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஊசி நூல் என்றால் உயிர். கல்யாணத்துக்குப் பிறகு, பையனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு மூன்று மாதம் ஆரி வகுப்புக்குப் போனேன். ஆரி என்பது இந்த வேலைக்கான ஊசியின் பெயர்தான். நுனியில் கொக்கி இருக்கும். குஜராத்தின் கச்சுப் பக்கம் தோல் தைக்கிற மோச்சிகள் கையில் இருந்த கருவி அது, பிறகு துணிக்கு வந்தது. செருப்பு தைக்கிற கையிலிருந்து வந்த தையலைத்தான் இன்று கல்யாணப் பெண் முதுகில் போட்டுக்கொண்டு மணவறையில் உட்காருகிறாள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

வகுப்பில் தையல் எல்லாம் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். துணியைத் தட்டினால் மத்தளம் மாதிரி சத்தம் வருகிற அளவுக்கு ஃப்ரேமில் இழுத்துக் கட்டுவது, இடது கையால் துணிக்குக் கீழே நூலைப் பிடித்துக் கொடுப்பது, வலது கையில் ஊசியை மேலிருந்து இறக்கி, கொக்கியில் நூல் மாட்டியதும் லேசாகத் திருப்பி மேலே எடுப்பது. அந்தத் திருப்பு வராவிட்டால் கொக்கி துணியையே பிடித்துக் கிழித்துவிடும், எனக்கு அது கைக்கு வர இரண்டு வாரம் ஆனது. ஆனால் விலை சொல்வது எப்படி, துணியை வாங்கும்போது என்னென்ன கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும், டெய்லரிடம் எப்படிக் கொடுக்க வேண்டும், இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் எப்படி ஆரம்பிப்பது என்று கேட்கிறவர்களுக்கு நான் பட்டதை எழுதுகிறேன்.

முதலில் நோட்டு. பையனுடைய பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த நாற்பது பக்கத்தைக் கிழித்து எடுத்து ஃப்ரேம் காலில் கட்டித் தொங்கவிட்டேன். உட்காரும்போது நேரம், எழும்போது நேரம். நடுவில் பால்காரர் வந்தால், போன் வந்தால் அதையும் கழித்து எழுதுவேன். ஒரு மாதத்தில் எனக்கே தெரியாத விஷயம் எல்லாம் அந்த நோட்டிலிருந்து தெரிந்தது. சுகர் பீட்ஸ் என்கிற பொடி மணி ஒரு வரிசை போட எனக்கு ஓர் அங்குலத்துக்கு ஒரு நிமிடம்தான் ஆகிறது, ஆனால் பட்டு நூலில் அரை அங்குல இலை ஒன்றை லோடு ஸ்டிச்சில், அதாவது இடைவெளி இல்லாமல் நெருக்கித் தைத்து, நிரப்ப நாலு நிமிடம். பார்க்கிறவர்களுக்கு மணிதான் ஆடம்பரமாகத் தெரியும், நூல் இலை சாதாரணமாகத் தெரியும். நான் அதுவரை விலை சொன்னதும் அந்தப் பார்வையில்தான். மணி வேலைக்கு அதிகம், நூல் வேலைக்குக் கம்மி. அப்படியானால் நூல் வேலை கேட்ட ஒவ்வொருவருக்கும் என் கையைச் சும்மா கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று, ட்ரேஸிங். டிசைனை பட்டர் பேப்பரில் வரைந்து, கோடு முழுக்க ஊசியால் நெருக்கமாகக் குத்தி ஓட்டை போட்டு, துணி மேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பவுடரைப் பஞ்சால் தடவி இறக்க வேண்டும். ஒரு முதுகு டிசைனுக்கு வரையவும் குத்தவும் மட்டும் இரண்டரை மணி நேரம். அதை நான் வேலையாகவே எண்ணியது கிடையாது. நோட்டில் எழுதிய பிறகுதான் எண்ண ஆரம்பித்தேன்.

இப்போது நான் விலை போடுவது இப்படித்தான்: டிசைனைப் பார்த்து மணி நேரத்தைக் கணக்கிட்டு, மணிக்கு 120 ரூபாய் வைத்து, பொருள் விலையைச் சேர்த்து, அதற்கு மேல் பேப்பர், கரண்ட், வீணாகிற நூல் என்று ஒரு நூறு. கை பார்டரும் பின்கழுத்தில் ஒரு வரிசையும் என்றால் 9 மணி நேரம், கூலி 1,080, பொருள் 260, அந்த நூறு, ஆக 1,440. நான் 1,450 என்று சொல்வேன். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும், இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. எதிரில் இருப்பவர் யோசிக்கிற அந்தக் கொஞ்ச நேர அமைதி தாங்காமல் நானே "சரி, உங்களுக்காகக் குறைச்சுக்கிறேன்" என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!

சொந்தக்காரர்கள் விஷயம் தனி. "வீட்ல உட்கார்ந்துதானம்மா போடுற, எங்ககிட்டயும் காசா?" என்று சித்தி ஒருவர் கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். அவரை ஃப்ரேமுக்கு முன்னால் உட்கார வைத்து, "சித்தி, இந்த ஒரு இலையை நான் போட்டு முடிக்கிற வரைக்கும் பாருங்க" என்றேன். நாலு நிமிடம் பேசாமல் பார்த்தார். இப்படி எத்தனை இலை என்று கேட்டார். 64 என்றேன். அதற்குப் பிறகு விலையைப் பற்றி அவர் பேசவில்லை, நான்தான் பொருள் காசு மட்டும் போதும் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். யாருக்குக் குறைப்பது என்பது நம் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் எம்பிராய்டரியில் இதில் பாதி விலைக்கு முடிகிறதே என்று கேட்கிறவர்களிடம் சண்டை போட வேண்டாம். அது வேறு வேலை, அவசரத்துக்கு நல்ல வேலையும்கூட. நான் துணியைத் திருப்பிக் காட்டுவேன். மிஷினில் அடியில் பாபின் நூல் அடர்த்தியாக ஓடும், துணிக்குப் பின்னால் பேப்பர் ஒட்டியிருக்கும். ஆரியில் மேலே சங்கிலி, அடியில் மெல்லிய ஒற்றைக் கோடு. தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இந்தச் சங்கிலித் தையலில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, முடிக்கிற இடத்தில் முடிச்சு சரியாக விழவில்லை என்றாலோ, நடுவில் நூல் அறுந்தாலோ, நுனியை இழுத்ததும் மடமடவென்று மொத்த வரிசையும் பிரிந்துவிடும். அதை நான் கண்ணால் பார்த்தது ஒரு வைகாசி முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்னால். ஃப்ரேமிலிருந்து எடுத்த துணியை ப்ளவுஸாக வெட்டித் தைக்கப் பெண் வீட்டார் அவர்களுக்குத் தெரிந்த டெய்லரிடம் கொடுத்தார்கள். அவர் தோள்பட்டையில் நான் போட்டிருந்த முத்து வரிசைக்குக் குறுக்கே கத்தரியை ஓட்டிவிட்டார். துணியைத் திரும்ப என்னிடம் கொண்டுவந்து பிரித்தபோது மடியில் முத்து கொட்டியது, அறுந்த ஜரி நூல் இரண்டு அங்குலத்துக்குப் பிரிந்து சுருண்டு கிடந்தது. பெண்ணோட அம்மா அழுதே விட்டார். மிச்சப் பட்டில் ஒரு துண்டு எடுத்து, கீழே வைத்துத் தைத்து, இணைப்புத் தெரியாமல் இருக்க இரண்டு தோளிலும் ஒரு கல் வரிசை கூடுதலாகப் போட்டு, இரண்டு ராத்திரியில் முடித்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

டெய்லரை மட்டும் குறை சொல்ல என்னால் முடியவில்லை. எங்கே வெட்ட வேண்டும் என்று நான் துணியில் எழுதவில்லையே! அதிலிருந்து துணி ஃப்ரேமில் ஏறுவதற்கு முன்பே அளவு ப்ளவுஸை வைத்து முழு வடிவத்தையும் வரைந்து, வெட்டுக் கோட்டில் வெள்ளை நூலால் ஓட்டுத்தையல் போட்டுவிடுகிறேன். தையலுக்கு ஒரு அங்குலம் விட்டு, அதற்கு உள்ளேதான் வேலை. பக்கத் தையலில் இரண்டு அங்குலம் கூடுதலாக விடச் சொல்வேன், கல்யாணத்துக்குப் பிறகு உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம். அடர்த்தியான வேலை துணியைச் சுருக்கும் என்பதும் அனுபவத்தில்தான் தெரிந்தது, நிறைய லோடு ஸ்டிச் வருகிற கழுத்தைக் கால் அங்குலம் தாராளமாகவே வரைகிறேன். அப்புறம் டெய்லரிடம் நானே போன் போட்டுப் பேசிவிடுவேன்.

பொருள் விளக்குத்தூண் பக்கம் வாங்குகிறேன். வருஷத்துக்கு ஒரு முறை சென்னை சௌகார்பேட்டை போய் வருவேன். ஒன்றை மட்டும் விடாமல் செய்யுங்கள்: புதிதாக எந்த மணி வாங்கினாலும் பத்து மணியை ஈர வெள்ளைத் துணியில் உப்புத் தண்ணீர் தெளித்து முடிந்து ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் துணியில் சாயம் ஏறியிருந்தால் அந்த மணி பட்டில் ஏறக் கூடாது. நம் ஊர் வெயிலில், ஹோமப் புகைக்கு முன்னால் மூன்று மணி நேரம் உட்காருகிற பெண்ணுக்கு எவ்வளவு வேர்க்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

காலக் கணக்கை நான் தமிழ் மாதத்தில்தான் போடுகிறேன். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, அதனால் வேலை இருக்காது என்று முதல் வருஷம் ஊருக்குப் போய்விட்டேன். பெரிய தப்பு. ஆவணி முகூர்த்தத்துக்குத் துணி ஆடியில்தான் வருகிறது, தை முகூர்த்தத்துக்கு மார்கழியில். கல்யாணம் இல்லாத மாதம்தான் எங்களுக்குக் கை நிறைய வேலை. இப்போது ஒரு முகூர்த்த மாதத்துக்கு எட்டு ப்ளவுஸுக்கு மேல் எடுப்பதில்லை, பாதிப் பணம் முன்பணம், கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் டெலிவரி. முன்பணம் கேட்கக் கூச்சமாக இருந்தது, முன்பணம் வாங்காமல் விட்ட இரண்டு பேர் துணியை மூன்று மாதம் கழித்து வாங்க வந்த பிறகு கூச்சம் போய்விட்டது.

காகித வேலை சுருக்கமாக. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது, ஆதாரும் அதோடு இணைந்த செல்போனும் பான் எண்ணும் இருந்தால் அரசு தளத்தில் நாமே அரை மணியில் முடிக்கலாம், எந்த ஆவணமும் ஏற்ற வேண்டாம். எனக்கு அது தெரியாமல் ஒரு பிரவுசிங் சென்டரில் 1,500 ரூபாய் கொடுத்தேன், நீங்கள் கொடுக்காதீர்கள். அந்தச் சான்றிதழை வைத்துத் தொழில் பெயரில் வங்கிக் கணக்கு திறந்தேன். வாடிக்கையாளர் துணியில் நாம் வேலை செய்து கொடுப்பது சேவை, ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை, நான் அந்தப் பக்கமே இன்னும் போகவில்லை. முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 வரை அடமானம் இல்லாமல் கடன் உண்டு. நான் மகளிர் குழுவில் 30,000 எடுத்து இரண்டு ஃப்ரேமும் நல்ல விளக்கும் வாங்கினேன். தமிழக அரசு 2025-இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடனும் அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000, மானியமும் இருக்கிறது. ஆனால் 35 வயது ஆகியிருக்க வேண்டும், எனக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.

விளக்கு என்றதும் சொல்ல வேண்டும், கண்ணையும் முதுகையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள். ராத்திரி மஞ்சள் பல்பில் கறுப்புத் துணியில் வேலை செய்யாதீர்கள். கறுப்புக்கும் கருநீலத்துக்கும் நான் பகலில் மட்டும்தான் உட்காருகிறேன். நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து வாசலுக்குப் போய்த் தூரத்து வேப்பமரத்தைப் பார்த்துவிட்டு வருவேன்.

இப்போது என்னோடு இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் மணி நேரக் கணக்கில்தான் கூலி, ஒருவருக்கு ஒரு நோட்டு. துணிக்கு இவ்வளவு என்று கொடுத்தால் எனக்கு லாபம் என்று சிலர் சொன்னார்கள். 26 ரூபாய் கணக்குப் போட்ட ராத்திரி எனக்கு மறக்கவில்லை, அதனால் அதைச் செய்யவில்லை.

போன மாசி மாதம் அந்த அரக்கு ப்ளவுஸ் திரும்பி வந்தது. தங்கை கல்யாணத்துக்குப் போட வேண்டுமாம், குழந்தை பிறந்த பிறகு இறுக்கமாகிவிட்டது, மயில் கழுத்தில் ரெண்டு மணி உதிர்ந்திருக்கிறது என்றாள். விரித்து வெளிச்சத்தில் பார்த்தேன். கொடியில் ஒரு இலைகூடப் பிரியவில்லை. ஆனால் தொடக்கத்தில் போட்ட இலைகள் கொஞ்சம் கோணல், கைக்குக் கை வித்தியாசமும் இருந்தது, அவளுக்கு அது தெரியவில்லை. பக்கத் தையலைப் பிரித்துவிட்டு, அதே நிறத்தில் மணி தேடிக் கோத்தேன். நோட்டில் 40 நிமிடம் என்று எழுதினேன். எவ்வளவுக்கா என்று கேட்டாள். 80 ரூபாய் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன். பர்ஸைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள்.