இரண்டு எழுபத்திரண்டுகள்

ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய ஒரு காற்றாலைப் பண்ணையில் பராமரிப்புப் பொறியாளராக இருந்தபோது, எந்தப் பாகம் பழுதாகக்கூடும் என்ற அட்டவணையைப் பங்குனி முடிவதற்குள் தயாரித்துக் கொடுப்பது என் பொறுப்பாக இருந்தது. வைகாசி முதல் ஆவணி வரை கணவாய் வழியே வீசும் மேல்காற்றில்தான் ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதி கிடைக்கும் என்பதால், சீசனில் ஒரு நாள் இயந்திரம் நிற்பதையும் மார்கழியில் ஒரு நாள் நிற்பதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

நாங்கள் பின்பற்றியது 1949-இல் அமெரிக்க ராணுவம் வகுத்த நடைமுறையின் வழிவந்த முறை. பாதிப்பின் கடுமை, நேரும் வாய்ப்பு, முன்கூட்டியே கண்டறிவதிலுள்ள சிரமம் ஆகிய மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டுப் பெருக்க வேண்டும். இறக்கைகளின் சுழற்சியை வேகமாக்கி ஜெனரேட்டருக்குத் தரும் கியர்பாக்ஸின் பேரிங்குக்கு 9, 2, 4 என்றும் காற்றுத் திசைகாட்டிக்கு 3, 8, 3 என்றும் இட்டேன். இரண்டுக்கும் 72 வந்தது. திசைகாட்டியை ஒருவர் மேலே ஏறி அரை நாளில் மாற்றிவிடுவார். கியர்பாக்ஸ் உடைந்தாலோ அதை இறக்கக் கிரேன் வர வேண்டும். வந்த கிரேனும் பலத்த காற்றில் பளு தூக்க முடியாமல், வாடகை ஏற ஏறக் கோபுரத்தடியில் காத்துக் கிடக்கும்.

என்னை அதிகம் உறுத்தியது, பேரிங் பழுது நேரும் வாய்ப்புக்கு இட்ட அந்த 2. எங்கள் பதிவேட்டில் முழுதாக உடைந்த கியர்பாக்ஸ்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. எண்ணெயில் இரும்புத்துகள் தென்பட்டதால் முன்னதாகவே மாற்றப்பட்டவை இன்னும் எத்தனை காலம் ஓடியிருக்கும் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. இயந்திரத்தை விற்ற நிறுவனத்தின் பொறியாளர் 1 என்றார். கோபுரங்களில் பல ஆண்டுகள் ஏறி இறங்கிய மூத்த டெக்னீஷியன் 5 என்றார். "சார், பேப்பர்ல ரெண்டுதான் வரும். ராத்திரி, சின்ன ஜெனரேட்டர்லேர்ந்து பெரிசுக்கு மாறுறப்ப கீழ நின்னு கேட்டுப் பாருங்க." மூன்றுக்கும் சராசரி எடுத்து, முழு எண்ணாக்கி 3 என்று எழுதினேன். எங்கள் மூவரில் ஒருவரும் சொல்லாத எண் அது.

மறு ஆண்டு ஒற்றை எண்ணைக் கைவிட்டு, குறைந்ததும் கூடியதுமான இரு மதிப்புகளையும் எழுதினேன். நேரும் வாய்ப்பை 1 என்றும் 5 என்றும் கொண்டால், கியர்பாக்ஸுக்கு 36 முதல் 180 வரை. திசைகாட்டிக்கு 63 முதல் 72 வரை. இத்தகைய மங்கலான மதிப்பீடுகளுக்கென்றே, லோட்ஃபி ஜாடே என்ற அறிஞர் 1965-இல் முன்வைத்த, எல்லை திட்டவட்டமாக இல்லாதவற்றைக் கணக்கிட உதவும் ஃபஸ்ஸி கணக் கோட்பாட்டைப் பயன்படுத்துவோர் உண்டு. எங்கள் தேவைக்கு இரண்டு எண்களே போதுமானவையாக இருந்தன. 36-க்கும் 180-க்கும் இடையில் கிடந்த தூரம் எங்கள் அறியாமையின் அளவு என்று மேலாளருக்கு எளிதில் விளங்கியதால், அதைக் குறைப்பதற்கான எண்ணெய்ச் சோதனைக்கும் உட்புறக் கேமரா ஆய்வுக்கும் பணம் ஒதுக்கினார்.

டெக்னீஷியன் சுட்டிக்காட்டிய இரண்டு இயந்திரங்களில் ஒன்றில், கியர்பாக்ஸிலிருந்து ஜெனரேட்டருக்குச் செல்லும் வேகத் தண்டின் பேரிங்கில் குழிகள் தெரிந்தன. துகள்கள் மற்றப் பற்சக்கரங்களுக்குப் பரவும் முன்பே, கிரேன் இல்லாமல், மேலேயே வைத்து அதை மாற்றினோம். முன்கூட்டியே கண்டறிந்ததால் கடுமைக்கு இட்ட 9-உம் பொருந்தாமல் போனது. தனித்தனியானவை என்று எண்ணிப் பெருக்கிய மூன்றும் உண்மையில் ஒன்றையொன்று சார்ந்திருந்தன.

மற்றோர் இயந்திரத்தில் கேமராவுக்கு ஒன்றும் அகப்படவில்லை. அவர் ஒப்புக்கொள்ளவில்லை, அதன் வரிசையில் அவருடைய 5-ஐ நானும் அழிக்கவில்லை.